எதிர் வெள்ளி

வேன் வந்து, பெட்டி ஏறி, தொட்டில் கம்பு ஏறி, கடைசியாகக் குழந்தையின் கொசுவலையும் ஏறிய பிறகுதான் மாமனார் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம் மாப்ளே" என்றார். "வெள்ளி எதிர்ல நிக்கு."

கோமதிசங்கர் அப்போது வேனுக்குள் குனிந்து, பால் புட்டிப் பையை எங்கே வைத்தால் உருளாது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். கெட்ட செய்தி எதுவும் இரண்டாம் தடவை சொன்னால்தான் உண்மையாகும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. மாமனார் இரண்டாம் தடவையும் சொன்னார்.

அது 1999, மாசி மாதம் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் கிளம்பலாம் என்று நேரம் குறித்துக் கொடுத்ததும் இதே மாமனார்தான். திருஞானசம்பந்தம் பிள்ளை, ஓய்வுபெற்ற தாசில்தார். ஏரலில் ஆற்றங்கரையை ஒட்டிய தெருவில் வீடு. மாமியார் காலமாகி மூன்று வருஷமாகிறது. மகள் சங்கரி தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் இங்கே வந்தவள். இப்போது குழந்தைக்கு நாலு மாதம் முடிந்து ஐந்து நடக்கிறது.

கோமதிசங்கர் திருநெல்வேலியில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். பூமியில் உள்ள திசை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஏரலுக்குத் திருநெல்வேலி மேற்கே இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே பார்த்தான். சூரியன் போன இடம் இன்னும் வெளுத்திருந்தது. அதற்கு மேலே ஒரு வெளிச்சப் பொட்டு, யாரோ இப்போதுதான் துடைத்து வைத்தது மாதிரி நின்றது. அதற்கும் மேலே இன்னொன்று நின்றது.

அந்தப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் இது ஒரு பழைய கட்டு. புகுந்த வீடு போகிற புதுப்பெண்ணும், கைக்குழந்தையோடு முதல் தடவை திரும்பிப் போகிற பெண்ணும் வெள்ளிக்கு எதிரே பயணம் போகக்கூடாது. வெள்ளி என்கிற கிரகம் சில மாதம் சாயங்காலம் மேற்கே நிற்கும். சில மாதம் விடியற்காலம் கிழக்கே நிற்கும். எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் போவது ஆகாது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள் எங்குமே தென்படாது. அப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

"மாமா, அங்கன ரெண்டுல்லா நிக்கு? கீழ ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. இதுல எது வெள்ளி?" என்று கேட்டான் கோமதிசங்கர்.

"ரெண்டா?" என்றார் மாமனார். மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார். "எதுவா இருந்தா என்ன மாப்ளே, ரெண்டும் நிக்கது மேக்கதானே."

வேன் டிரைவர் எலியேசர்தான் துணைக்கு வந்தார். "சார், நம்ம ஆளு ஒருத்தன்ட்ட ஜீப்பு இருக்கு. பின் சீட்டு பின்னாலப் பாத்துத்தான் இருக்கும். அம்மா பிள்ளய வச்சுக்கிட்டுக் கெழக்க பாத்தே போலாம்லா."

கோமதிசங்கருக்கு முகம் தெளிந்தது. மாமனார் இதைச் சுலபமாகத் தள்ளிவிடவில்லை. தாசில்தாராக இருந்தவர், எந்த மனுவையும் விசாரிக்காமல் நிராகரித்தது கிடையாது. கண்ணை மூடி யோசித்தார். பிறகு, "வண்டி போற திசைதான் கணக்கு. ஆளு உக்காந்திருக்க திசை கணக்கு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். "எனக்கு மட்டும் பிள்ளய வச்சுக்கிடணும்னு ஆசையா மாப்ளே? முறையா அனுப்பணும்லா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா ஊரு என்னைத்தான கேக்கும்?"

அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதனால் கோபப்படவும் முடியவில்லை.

சங்கரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கோமதிசங்கர் அவளைப் பார்த்தான். 'நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்' என்று கேட்க நினைத்தான். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றான்.

அவர்களுடைய இரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியே இருந்தது. நகராட்சிக் குழாயில் வந்ததா, எத்தனை குடம் வந்தது, தொட்டி நிறைந்ததா. ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் முதலில் கேட்பது அதுதான். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவான். சந்தோஷமாக இருந்தாலும் பெருமூச்சுதான். ஏரல் வீட்டில் அவன் நடை ஏறும்போதே, "வாங்க மாப்ளே" என்று மாமனார் உள்ளே இருந்து குரல் கொடுப்பார். அந்த மூச்சு அவ்வளவு பிரசித்தம்.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வேன் காலியாகத் திரும்பியது. திருநெல்வேலியில் அவன் குடியிருந்த, நாலைந்து வீடுகள் சேர்ந்த வளவில், பக்கத்து வீட்டு அம்மாள் ஆரத்தி கரைத்துத் தட்டோடு காத்திருந்தாள். வேனிலிருந்து அவன் மட்டும் இறங்குவதைப் பார்த்தாள். கரைத்ததை ஏன் வீணாக்குவது என்று அவனுக்கே சுற்றிக் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே போய் விளக்கைப் போட்டான். உத்தரத்தில் தொட்டிலுக்காகப் புதிதாக அடித்த கொக்கி தெரிந்தது. குழந்தைக்கு அவனுடைய செத்துப்போன அம்மாவின் பெயரை வைத்திருந்தார்கள், பிரம்மநாயகி என்று. பிறந்ததிலிருந்து அவளை அவன் பார்த்தது மொத்தம் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் இவன் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதிருக்கிறாள். வீட்டுக்கு வந்துவிட்டால் பழகிவிடுவாள் என்றுதான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆபீசில் அடுத்த மேஜை அசன் முகம்மதுவிடம் விஷயத்தைச் சொன்னான். அசன் முகம்மதுவுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். துபாயில் இருக்கும் மச்சான் ஒருவர், இவர் என்ன கேட்டாரோ தெரியாது, ஒரு டெலஸ்கோப் வாங்கி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அசன் முகம்மதுவுக்கு வானம்தான் சொந்த ஊர். சாயங்காலம் அவனை ஆபீஸ் மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டிக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கிடும் வே. கீழ நிக்குதே, வெளிச்சமா, அது வெள்ளி. அதுக்கு மேல நிக்கது வியாழன்."

கோமதிசங்கர் அளவைக் குறிப்பேட்டை எடுத்து, 'கீழ் - வெள்ளி. மேல் - வியாழன்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டான். ஒரு தடவை எழுதிவிட்டால் அவனுக்கு அது அரசாங்கப் பதிவு. அசன் முகம்மது மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவன் நன்றி சொல்லி இறங்கிவிட்டான். மறுநாள் அவர் தங்கை கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவில் போனார்.

அந்த வாரக் கடைசியிலிருந்து அவனுக்கு மணிமுத்தாறு பக்கம் அளவை முகாம். மலையடிவாரத்தில் சாயங்காலமெல்லாம் மேகம். ஒரு வாரத்துக்கு மேல் வானமே தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது மேற்கே கீழே ஒன்று, மேலே ஒன்று, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அவன் கீழே இருந்ததை மட்டும் கவனித்தான். அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் எதிர்வீட்டுத் தென்னை உயரம். பிறகு தண்ணீர்த் தொட்டி உயரம். பிறகு மதில் உயரம். மாசி முடிவதற்குள் மதிலுக்கும் கீழே போய், ஒருநாள் இல்லாமலே போயிற்று.

கோமதிசங்கர் அன்றைக்கு விட்ட பெருமூச்சு அவன் வாழ்க்கையிலேயே நீளமானது. உடனே மாமனாருக்கு ஒரு கார்டு போட்டான்: 'வெள்ளி மறைந்துவிட்டது. பங்குனி ஏழாம் தேதி ஞாயிறு சாயங்காலம் வேனுடன் வருகிறேன்.' வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். வளவில் எல்லாரிடமும் சொன்னான். பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஆரத்தியை வண்டி சத்தம் கேட்ட பிறகு கரைத்தால் போதும் என்றும் சொல்லிவைத்தான்.

"சார், இன்னைக்காவது பிள்ளய ஏத்திருவோமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் எலியேசர்.

"வெள்ளி போயிட்டு வே. நானே கண்ணால பாத்தேன்."

ஏரலில் வேன் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மாமனார் வாசலுக்கு வந்தார். கூடவே குழந்தையோடு சங்கரி வந்தாள். அவள் மேற்கே ஒரு பார்வை பார்த்தாள். குழந்தை அழ ஆரம்பித்தது. அந்த அழுகைக்கு நடுவில் அவள் அப்பாவிடம் என்னவோ சொன்னாள். பால் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருப்பாள் என்று கோமதிசங்கர் நினைத்தான்.

"எங்க மாப்ளே மறைஞ்சுட்டு? ஜம்முனு நிக்கே" என்றார் மாமனார்.

கோமதிசங்கர் திரும்பிப் பார்த்தான். நின்றது உண்மைதான். முன்னைவிட உயரத்தில், முன்னைவிட வெளிச்சமாக.

"மாமா, அது வியாழன். கீழ நின்னதுதான் வெள்ளி. அது போயிட்டு. நான் எழுதி வச்சிருக்கேன்."

"வியாழனுக்கு ஏது மாப்ளே இம்புட்டு வெளிச்சம்?"

அவனுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. வந்ததைக் காட்டிக்கொள்ளாமல் பேச வேண்டுமே என்று வானத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். "பக்கத்துல ஒண்ணு மங்கலா நிக்குதே. வெள்ளிக்குப் பக்கத்துல அப்படி ஒண்ணு கெடையாதே மாமா. அப்ப இது எப்படி வெள்ளியாகும்?" என்றான்.

மாமனார் சட்டென்று அவன் பக்கம் திரும்பினார். "மங்கலாவா? லேசா மஞ்சக் கலர்லயா?"

"ஆமா."

"போச்சு" என்றார் மாமனார். "அது சனில்லா."

எலியேசர் யாரும் சொல்லாமலே வேனைத் திருப்ப ஆரம்பித்தார். வெள்ளி ஒன்று நின்றதற்கே போகக்கூடாது. இப்போது சனியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதையும் மாப்பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். மாமனார் கூடுதலாக ஒரு உத்தரவும் போட்டார். "வண்டி ரெண்டு மட்டம் வாசல் வரைக்கும் வந்து வெறுமனே திரும்பிட்டு. இது பிள்ளைக்கு நல்லதில்ல. வெள்ளி மறையாம இனி வண்டி கொண்டாராதீங்க."

"என்னைக்கு மறையும் மாமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? மறைஞ்சா அன்னைக்கே தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

லீவு முடிந்து வந்த அசன் முகம்மது கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டும் இடம் மாறிட்டு வே. நீரு மலையடிவாரத்துல இருந்த வாரந்தான் ஒண்ண ஒண்ணு தாண்டிச்சு. கீழ நின்ன வெள்ளி மேல ஏறிட்டு, மேல நின்ன வியாழன் கீழ இறங்கிட்டு. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீரு படியில இறங்கி ஓடிட்டீரு. ஒரு மாசமா வியாழன்லா மறையக் காத்திருந்திருக்கீரு."

கோமதிசங்கர் குறிப்பேட்டில் போட்ட அடிக்கோட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு யோசனை சொன்னான். அசன் முகம்மது டெலஸ்கோப்போடு ஏரலுக்கு வர வேண்டும். வெள்ளி என்பது வெறும் உருண்டை, அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று மாமனாருக்கு விஞ்ஞானபூர்வமாக விளக்க வேண்டும். முடிந்தால் அது வெள்ளியே இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும்.

"விளக்குதேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அசன் முகம்மது. "நிலத்தப் பத்தி நம்ம ஆபீசுல சொல்லுத பொய் போதும் வே. வானத்த விட்டுரும்."

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். டெலஸ்கோப்புக்கு ஒரு டிக்கெட் போட்டார் கண்டக்டர். மாமனார் விருந்தாளியை நன்றாகவே உபசரித்தார். அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சங்கரியை அன்றைய பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். சர்வீஸில் இருந்த காலத்தில் குமாஸ்தா வாசிக்கத் தான் கேட்டே பழகிவிட்டது என்று அசன் முகம்மதுவிடம் விளக்கமும் சொன்னார்.

இருட்டியதும் முற்றத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தி, வெள்ளியை நோக்கித் திருப்பி, "பாருங்க அண்ணாச்சி" என்றார் அசன் முகம்மது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, கண்ணை வைத்தார். ஒரு நிமிஷம் அசையவில்லை.

"ஆகா" என்றார். "என்ன ஒரு தேஜஸ்."

அசன் முகம்மது முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பைய முன்பக்கமாகக் கையை விட்டு, டெலஸ்கோப்பின் மூடியைச் சத்தமில்லாமல் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இப்பப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

"இப்பவும் அதே தேஜஸ்தான்" என்றார் மாமனார். "சந்தேகமே இல்ல. வெள்ளிதான் இது. இதுவரைக்கும் எனக்கே மனசுல லேசா ஒரு உறுத்தல் இருந்தது, வெறும் பேச்சுக்காவப் பிள்ளய நிறுத்தி வச்சிருக்கமோன்னு. தம்பி வந்து விஞ்ஞானமாவே காட்டிட்டீங்க. இது எவ்வளவு நாள் நிக்கும்?"

கோமதிசங்கர் அசன் முகம்மதுவைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான். அசன் முகம்மது தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"ஆகஸ்ட் பத்து, பன்னெண்டு தேதி வரைக்கும் மேக்கதான் அண்ணாச்சி."

"பாத்தீங்களா மாப்ளே" என்றார் மாமனார். "இன்னும் நாலு மாசம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அசன் முகம்மது டெலஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டிய பிறகு, "மூடியோடயே பாத்தாரு வே உம்ம மாமனாரு" என்றார்.

"அவர் பிடிவாதம் அப்படி" என்றான் கோமதிசங்கர். "ஒண்ண முடிவு பண்ணிட்டா மூடியும் தடுக்காது, சுவரும் தடுக்காது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்குக் குழந்தை தவழ்ந்து காட்டியது. அது எப்போது தவழ ஆரம்பித்தது என்று அவனுக்குத் தெரியாது. அப்பன் என்ற பேரில் விருந்தாளி மாதிரி போய் காபி குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான்.

அன்று இரவு படுத்துக்கொண்டு கொக்கியைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சங்கரி மேற்கே வரக்கூடாது, அவ்வளவுதானே? அவன் கிழக்கே போய்விட்டால்?

மறுநாளே மாறுதலுக்கு மனுப் போட்டான். ஏரலுக்குக் கிழக்கே காயல்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு, திருச்செந்தூர் ஆபீசுக்குப் போய்வரலாம். வெள்ளி பாட்டுக்கு மேற்கே நிற்கட்டும். வண்டி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும். திருநெல்வேலிக்கு மாறுதல் கேட்டு ஆட்கள் வருஷக்கணக்காகத் தவம் கிடக்கிறார்கள். இவன் திருநெல்வேலியிலிருந்து போக மனுக் கொடுக்கிறான். மேலதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார். "மாவட்டம் விட்டு மாவட்டம் போனா சீனியாரிட்டி போயிரும்யா. பதவி உயர்வுல உமக்குப் பின்னால இருக்கவனெல்லாம் முன்னால போயிருவான். தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

"காரணம்னு போட்ட இடத்துல 'வெள்ளி கிரகம்'னு எழுதியிருக்கீரு."

அசன் முகம்மது அதை வாங்கி அடித்துவிட்டு, 'குடும்ப நலன்' என்று எழுதிக் கொடுத்தார். காயல்பட்டினத்தில் தன் பெரியம்மா கமர் நிஷா வீட்டின் பின்கட்டையும் பேசிவிட்டார்.

உத்தரவு வர ஜூலை கடைசியாகிவிட்டது. கோமதிசங்கர் கொக்கியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாமான்களோடு காயல்பட்டினம் போய் இறங்கினான். அங்கே உத்தரத்தில் முதலில் அதை அடித்தான். அடுப்பை அதற்குப் பிறகுதான் வைத்தான். மறுநாள் உத்தரவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏரலுக்குப் போய் மாமனார் முன்னால் நீட்டினான். மாமனார் காகிதத்தை வாங்கி சங்கரியிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள். பாதியில் நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவள் அவனைப் பார்த்ததே இல்லை. கோமதிசங்கருக்குக் காது வரைக்கும் சூடேறியது. அவள் சந்தோஷத்தில் பேச்சிழந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டான்.

"எனக்காவண்டியா மாப்ளே வேலையையே மாத்திக்கிட்டீங்க?" மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இனி ஒரு தடையும் இல்ல. ஆவணி பொறந்ததும் கூட்டிட்டுப் போங்க."

"இப்பவே போனா என்ன மாமா?"

"ஆடில்லா நடக்கு. ஆடியில பொண்ண அனுப்புவாகளா? நீங்களும் ஆடி முடியுத மட்டும் இங்கன வந்து தங்கக் கூடாது."

வெள்ளி என்கிற ஒரே கவலையில் அவன் ஆடியை மறந்திருந்தான்.

அன்றே அசன் முகம்மதுவுக்கு டெலிபோன் போட்டான். அவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். "ஆகஸ்ட் பன்னெண்டோட மேக்க மறைஞ்சிரும். இருபத்தாறுக்கு மேல விடியக்காலம் கெழக்க வந்துரும். நீரு இப்பக் கெழக்க இருக்கீரு, அதனால அதுவும் ஆகாது. ஆடி முடியுதது பதினாறு. அதுக்கும் இருபத்தாறுக்கும் நடுவுல பத்து நாளு. அந்தப் பத்து நாளும் வெள்ளி வானத்துல எங்கயும் கெடையாது. என் டெலஸ்கோப்புக்கே தெரியாது. அதுல பிள்ளயக் கூட்டிட்டு வந்துரும்."

கோமதிசங்கர் இந்தத் தடவை எதையும் எழுதிவைத்துக்கொண்டு நிற்கவில்லை. தினமும் சாயங்காலமும் விடியற்காலமும் கடற்கரைக்குப் போய்த் தன் கண்ணாலேயே பார்த்தான். அசன் முகம்மது சொன்னபடியே வெள்ளி மேற்கே இறங்கி, கரைந்து, காணாமல் போயிற்று. ஆகஸ்ட் இருபத்தொன்று, சனிக்கிழமை சாயங்காலம், எலியேசரை மறுநாள் காலையில் வரச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் முன்னதாக ஏரலுக்குப் போனான்.

குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தத் தடவை அழவில்லை. அவனைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து "மாமா" என்றது. அந்த வீட்டில் அவன் வாயிலிருந்து அது கேட்ட ஒரே வார்த்தை அதுதான். கோமதிசங்கர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"நாளைக்குக் காலையில வண்டி வருது மாமா. வெள்ளி மறைஞ்சுட்டு."

மாமனார் நாற்காலியில் நெளிந்தார். "மறைஞ்சதுதான் மாப்ளே. ஆனா மறுபடியும் வந்துட்டுல்லா. மூணு நாளா விடியக்காலம் கெழக்க நிக்கு."

"இருபத்தாறுக்கு மேலதான் வரும்னு அசன் சொன்னாரே."

"அந்தத் தம்பி தங்கமான மனுசன். கணக்குல தப்பு வரலாம். கண்ணால பாத்தது பொய்யாகுமா?"

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சங்கரி குழந்தையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். கோமதிசங்கர் பக்கத்தில் போய் நின்றான். தனியாக இருக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். பதவி உயர்வு போனால் போகிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்தால் போதும் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

"காயல்பட்டினத்துல குழாய்த் தண்ணி உப்பு" என்றான். "குடிக்க மட்டும் வெளிய எடுக்கணும்."

"ம்" என்றாள் சங்கரி. குழந்தையைத் தட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

விடியற்காலம் ஐந்து மணிக்கு அவன் தனியாக மாடிக்கு ஏறினான். மேகம் கொஞ்சம்கூட இல்லை. தலைக்கு மேலே வியாழனும், அதன் பக்கத்தில் மஞ்சளாகச் சனியும் நின்றன. கிழக்கே பனைகளுக்கு மேல் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. அது புதன், அதைப் பார்த்து மிரண்டுவிடக் கூடாது என்று அசன் முகம்மது முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அரை மணி நேரம் நின்றான். வானம் வெளுத்தது. புதனும் போயிற்று. வெள்ளி என்று ஒன்று வரவேயில்லை.

ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் கோமதிசங்கருக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரிந்தது. அவன் பார்த்தது சரி, அசன் முகம்மது சொன்னது சரி, கிழவர்தான் பிடிவாதத்தில் இல்லாததை இருக்கிறது என்கிறார். இரண்டு இரண்டு படியாக இறங்கினான். வாசலில் வீட்டுவேலை செய்யும் ஞானம்பாள் சாணி கரைத்துத் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஞானம்பா, பெரியய்யா எந்திச்சுட்டாகளா?"

"இன்னும் எந்திக்கலயே. எதுக்கு அய்யா?"

"எழுப்பு. மாடிக்குக் கூட்டிட்டுப் போகணும். கெழக்க வெள்ளி எங்கன நிக்குன்னு என் முன்னால கையக் காட்டச் சொல்லப் போறேன். இன்னைக்கு நான் விடப் போறதில்ல."

ஞானம்பாள் வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியய்யா எங்கன அய்யா காட்டுவாக? அவுகளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து ரெண்டு வருசமாச்சே. தெனமும் வானத்தப் பாத்துட்டு வந்து 'வெள்ளி நிக்குப்பா'ன்னு சொல்லுதது உங்க வீட்டம்மால்லா."